உதைபந்தாட்ட வயது

லண்டனில், எங்கள் ஸ்ட்ரெதம் வீட்டில் காலைத் தபால் விழும் சத்தம் கேட்டால் நாங்கள் மூன்று பேரும் அசையாமல் நின்றுவிடுவோம். தேநீர்க் கோப்பைக்குள் சுற்றிய கரண்டியும் நிற்கும். மண்ணிற உறையா, வெள்ளை உறையா என்று போய்ப் பார்க்க யாருக்கும் கால் எழும்பாது. மண்ணிறம் என்றால் குரோய்டன் குடிவரவு அலுவலகமாக இருக்கலாம். எங்கள் மூவரின் கோப்புகளும் அங்கே, ஒரே கட்டடத்துக்குள் இருந்தன.

மூவரில் மூத்தவர், பெற்றோல் நிரப்பும் செட்டில் வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணை. அவர் மேல் அறையில். நடு அறையில் நான். கீழ் அறையில், கானாவிலிருந்து வந்த உதைபந்தாட்டக்காரர். ஆறு நாடுகளில் கூலிக்கு விளையாடியவர். குளிர் நாளில் மாடிப்படி ஏறும்போது அவருடைய வலது முழங்கால் ‘டக்’ என்று சத்தம் போடும். அவர் என்னுடன் பேசியது ஆங்கிலம். ஆனால் அந்தச் சமையலறைப் பேச்செல்லாம் என் நினைவில் எங்கள் ஊர்த் தமிழாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒருவரைக் கூப்பிடுவதென்றால் முதலில் அவருடைய வயது தெரிய வேண்டும். எனக்கு அப்போது இருபத்தேழு. கடவுச்சீட்டின்படி உதைபந்தாட்டக்காரருக்கு இருபத்தாறு. ஆகவே ‘தம்பி’ என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் காதோர நரையைப் பார்த்தபடி அந்தச் சொல் வாயில் வராது. மேல் அறை அண்ணைக்கு இது நல்ல விளையாட்டு.

“பாஸ்போட்டைப் பாத்தா உனக்குத் தம்பி. முழங்காலைப் பாத்தா எனக்கே அண்ணை. நீ பேசாமல் ‘ஹலோ’ எண்டு கூப்பிடு.”

ஒரு நாள், கூப்பிடும் சிக்கலைச் சொல்லி, உதைபந்தாட்டக்காரரிடமே வயதைக் கேட்டுவிட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

“அது உதைபந்தாட்ட வயது. முதல் தரம் வெளிநாட்டுக்குப் போகேக்கை ஏஜென்ற் வைச்சது. நானும் அதோடையே ஓடுறன். முப்பது எண்டு கேட்டால் ஒரு கழகமும் கதவு திறக்காது.”

அவர் சொன்னதும் என் கதையும் வெளியே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைச் சேர்க்கக் கூட்டிப்போன என் ஐயாவுக்கு நான் பிறந்த திகதி தெரியாது. தலைமை ஆசிரியர் என் பல்லைப் பார்த்தார், உயரத்தைப் பார்த்தார், ஜனவரி முதலாம் திகதி என்று இடாப்பில் எழுதினார். சோதனைச் சான்றிதழ்களில் எல்லாம் அதுதான். குரோய்டனில் முதல் விசாரணையின்போது, உண்மை மட்டும் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் அம்மா சொன்ன ஆடி மாதத் திகதியைச் சொல்லிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. இரண்டு தாளையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்னைப் பொய்யன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அன்று தொடங்கியது.

“அப்ப உனக்கும் ரெண்டு வயது,” என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வசந்தகாலத்தில் தென்லண்டன் கழகம் ஒன்று அவரை ஒரு பருவத்துக்கு எடுக்க ஒப்புக்கொண்டது. அதற்குக் குரோய்டனின் அனுமதி வேண்டும். இதுவரை எங்கெங்கே விளையாடினார் என்று ஒரு பட்டியல் கேட்டிருந்தார்கள்.

“உன்ரை கையெழுத்து வடிவு. நீ எழுது,” என்றார்.

சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். நான் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். அவர் ஆண்டு எதுவும் சொல்லவில்லை. அவருக்கு நாடுகள்தான் ஞாபகம். கானாவில் சுரங்கக் கம்பனி அணியில் தொடங்கி முதல்பிரிவு லீக். பிறகு ஐவரி கோஸ்ட். சைப்பிரஸில் புல்லே இல்லாத மைதானம், விழுந்தால் தோல் போகும். துருக்கியில் தோற்ற அன்றைக்கு பஸ்ஸின் கண்ணாடியெல்லாம் கல்லெறியில் உடைந்து, எல்லோரும் இருக்கைகளுக்குக் கீழே கிடந்து வந்தார்களாம். பெல்ஜியத்தில் பனியில் மாற்று ஆட்டக்காரர் வாங்கிலேயே இருந்து கால் விறைத்தது. ஹொங்கொங்கில் ஒரு மழைக்காலம்.

“அங்கை எத்தினை வருசம்? அதுக்கு முதல்?” என்று நான் விடாமல் கேட்டேன். பின்னோக்கிக் கூட்டி ஒவ்வொரு வரிக்கு நேரேயும் ஆண்டைப் போட்டேன். அரைகுறையாக எழுதிக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. அவர் வாசித்துப் பார்க்காமலே கையெழுத்து வைத்தார். தபாலில் போட்டதும் நான்தான்.

மூன்று கிழமையில் அவர் பெயருக்கு மண்ணிற உறை வந்தது. நேரில் வரச் சொல்லி ஒரு கடிதம். கூடவே என் பட்டியலின் பிரதி. முதல் வரிக்குக் கீழே சிவப்புக் கோடு.

நின்றபடியே கணக்குப் பார்த்தேன். பட்டியலில் பதினைந்து ஆண்டு. இருபத்தாறில் பதினைந்து போனால் பதினொன்று. பதினொரு வயதில் முதல்பிரிவு லீக் ஆடியவர் என்று, என் அழகான கையெழுத்தில், நானே எழுதி அனுப்பியிருந்தேன்.

மேல் அறை அண்ணை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படிச்ச ஆளட்டை எழுதக் குடுத்தால் இதுதான். நான் எழுதியிருந்தால் ஒரு வருசமும் விளங்கியிராது, அந்தாள் தப்பியிருக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நீயும் கூடப் போ. கூட்டினதிலை பிழை விட்டது நான் எண்டு சொல்லு. ஒரு வசனந்தானே?”

ஒரு வசனம்தான். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் கூப்பிடாமலே போய் நின்று சொல்ல வேண்டும். இடையிலிருந்த நான்கு நாளும் ‘பிழை என்னுடையது’ என்று குளியலறைக் கண்ணாடிக்கு ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினேன்.

குரோய்டனில் இலக்கத் துண்டு எடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் இருந்தோம். ஒரு குழந்தைகூட அழவில்லை. அவர் வலது முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தார், ஆட்டத்துக்கு முன்பு பிடிப்பதுபோல.

கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் அதிகாரி. குரலில் கடுமையே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“இந்தப் பட்டியலை எழுதியது யார்?”

“நான்,” என்றேன்.

“இதன்படி பார்த்தால் இவர் பதினொரு வயதில் லீக் ஆட்டம் ஆடியிருக்கிறார். ஆண்டுகளில் ஏதும் பிழையா?”

“பிழை என்னுடையது. கூட்டும்போது தவறிவிட்டது.”

பழகியபடியே வந்துவிட்டது. அவர் மூச்சு விட்டது பக்கத்தில் கேட்டது. அதிகாரி தலையசைத்து ஒரு வெற்றுத்தாளை எடுத்தார்.

“நல்லது. அதைக் குறித்துக்கொள்கிறேன். உங்கள் பெயர்? பிறந்த திகதி?”

பெயரைச் சொன்னேன். திகதிக்குப் பேனா காத்து நின்றது. ஜனவரியைச் சொன்னால், இதே கட்டடத்தில் எங்கோ ஒரு கோப்பில் ஆடி இருக்கிறது. ஆடியைச் சொன்னால், கல்லூரியில் சேர அனுமதி கேட்டு நான் இங்கேயே அனுப்பிய சான்றிதழில் ஜனவரி இருக்கிறது. வாயைத் திறந்தேன். அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“பிறந்த திகதி?”

கையிலிருந்த இலக்கத் துண்டையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன், திகதி அதில் இருப்பதுபோல. உதைபந்தாட்டக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு செக்கன் இருக்கும். பிறகு ஒரு கையால் என்னை மெல்லப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கண்ணாடிக்குக் கிட்டப் போனார்.

“அவரை விடுங்கோ. அவர் எழுதினது எல்லாம் சரி. என்ரை பாஸ்போட் புத்தகந்தான் பிழை. எனக்கு முப்பத்துமூண்டு.”

அதிகாரி தாளை ஒதுக்கிவைத்தார். என் பெயரோடு, திகதி இல்லாமல், அது அப்படியே கிடந்தது. கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதன் பிறகு யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்தோம். கடவுச்சீட்டை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

“கழகம் இனி எடுக்காது,” என்றார் அவர். “இருபத்தாறு வயசுக் காலைத்தான் அவங்கள் கேட்டவங்கள்.”

“ஏன் சொன்னீங்கள்? நான் சொல்லியிருப்பன். கொஞ்சம் பொறுத்திருந்தால்…”

“நீ சொல்லியிருக்க மாட்டாய். உன்ரை முகம் எனக்குத் தெரிஞ்சது.” முழங்காலைத் தேய்த்தார். “ஒரே காலமையிலை ஏழு வயது கூடிப்போச்சு. உனக்குத்தான் லாபம். இனி என்னைக் கூப்பிடுறதுக்கு யோசிக்கத் தேவையில்லை.”

கூப்பிட நினைத்தேன். அழுகை வந்துவிடும்போல் இருந்ததால் வெளியே பார்த்தேன். நோர்பரி கடைகள் போய்க்கொண்டிருந்தன.

“அண்ணை,” என்றேன் கடைசியில்.

“ஓம்,” என்றார், மேல் அறை அண்ணை சொல்லும் அதே இழுவையில்.

அந்த நேரம் படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. சீருடையும் தொப்பியுமாக ஒருவர் மேலே ஏறி வந்தார். டிக்கட் பரிசோதகர். எங்கள் இருவரிடமும் டிக்கட் இருந்தது. ஆனாலும் இரண்டு பேரின் கைகளும் ஒரே சமயத்தில் சட்டைப்பைக்குள் போய்த் தேடத் தொடங்கின.