மன்றாட்டில் சேர்ந்துவிட்ட பதினொரு பெயர்கள்

1. பத்தரைப் பூசை

கோயிலில் மன்றாட்டும் அறிவித்தலும் வாசிக்கும் மரியதாஸ் அன்று பதினான்கு பெயர்களை வாசித்தார். அவர்களில் மூன்று பேர்தான் நோயாளர். மற்றப் பதினொரு பெண்களும் நல்ல சேலை உடுத்து, நல்ல சுகத்தோடு, கோயிலில் இருந்தார்கள். "இவர்களுடைய நோய் நீங்கி, முழு நலம் பெற வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுவோம்" என்று அவர் முடித்தார். கோயில் முழுவதும், அந்தப் பதினொருவர் உட்பட, பழக்கத்தில் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. அதன் பிறகுதான் தலைகள் திரும்பின. முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

இத்தாலியில், பலேர்மோத் தமிழ்க் கத்தோலிக்கர்களின் ஞாயிறு மடலுக்கு நான்தான் ஆசிரியர், நிருபர், புரூவ் பார்ப்பவர், போட்டோகொப்பி எடுப்பவர். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் எட்டு வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன். பலேர்மோவில் அதைவிட மூன்று மடங்கு காலம் அடுக்குமாடிகளின் படிகளைக் கழுவியிருக்கிறேன். ஆனாலும் யாராவது தொழில் என்ன என்று கேட்டால் "பத்திரிகைத்துறை" என்றுதான் சொல்வேன். றீற்றா, என் மனைவி, பக்கத்தில் நின்றால் மட்டும் சொல்வதில்லை.

2. மெல்லிய கோடு

மடல் ஒரே தாள், இரண்டு பக்கம். முன்பக்கத்தில் பூசை நேரம், சுகாதார நினைவூட்டல், ஊர்ச் செய்தி. பின்பக்கத்தில் மரண அறிவித்தல், தொலைந்த திறப்புகள், மன்றாட்டுக்கான நோயாளர் பெயர்கள். தொலைந்த திறப்புகளுக்கு எப்போதும் இடம் ஒதுக்க வேண்டும். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் மூன்று நான்கு சிஞ்ஞோராக்களின், அதாவது இத்தாலிய எசமானிகளின், வீட்டுத் திறப்புகளைச் சாவிக்கொத்தாக இடுப்பில் கொண்டு திரிபவர்கள்.

சுகாதார நினைவூட்டலில்தான் என் முழுத் திறமையையும் காட்டினேன். சளிக்காய்ச்சல் ஊசி, வெயில் காலத்தில் தண்ணீர், பிரஷர் பார்க்கும் நாள் என்று ஒவ்வொன்றுக்கும் பெரிய எழுத்தில் தலைப்பு. அதை ஒருவரும் வாசிப்பதில்லை என்பது பின்னர் தெரிந்தது. எல்லாரும் தாளை வாங்கிய கையோடு திருப்பி, யார் செத்தது என்று பார்ப்பார்கள். திறப்புகளைப் பார்ப்பார்கள். பிறகு அதாலேயே பிள்ளையின் கையைத் துடைப்பார்கள்.

சுகாதாரப் பகுதியினர் மார்பகப் பரிசோதனை வான் வண்டி ஒன்றைக் கோயில் முற்றத்துக்கு அனுப்புவதாகச் சொன்னபோது, பெண்களின் பெயர்களைப் பதிந்து கொடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். பதினொரு பேர் பதிந்தார்கள். நேரத்தை மறந்துவிடுவார்களே என்று பெயரையும் நேரத்தையும் மடலில் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. புலமைப்பரிசில் முடிவிலிருந்து திருவிழா உபயகாரர் வரை பெயர்ப் பட்டியல் போட்டே வளர்ந்த கை இது. பெயர் வந்தால் மனிதருக்குச் சந்தோஷம் என்பது எங்கள் பத்திரிகைக் கந்தோரில் ஒருவரும் சந்தேகிக்காத உண்மை.

அந்த வாரம் ஒரு ஞானஸ்நானப் படம் முன்பக்கத்தில் பாதியைத் தின்றுவிட்டது. நோயாளர் மூன்றே பேர் என்பதால் பின்பக்கத்தில் அவர்களின் பெயர்ப் பெட்டியில் இடம் மிச்சம் இருந்தது. பதினொரு பெயரையும் அங்கே இறக்கி, நடுவில் ஒரு மெல்லிய கோடு போட்டு, சிறிய எழுத்தில் தலைப்பும் வைத்தேன். பத்திரிகைக்காரனுக்கு ஒரு கோடு என்பது ஒரு மதில். கொப்பி மெஷினுக்கு அப்படி இல்லை. அது கோட்டையும் தலைப்பையும் சேர்த்து விழுங்கிவிட்டது. மரியதாஸ் பல வருடங்களாக அந்தப் பெட்டியை மேலிருந்து கீழாக வாசிப்பவர். அன்றும் அதைத்தான் செய்தார்.

"நேரம் எல்லாம் போட்டிருந்ததே, யோசிக்கேல்லையோ?" என்று பிறகு அவரிடம் கேட்டேன்.

"ஒப்பரேசன் நேரமாக்கும் எண்டு நினைச்சன் அண்ணை" என்றார்.

3. திருத்தம்

திங்கட்கிழமைக்குள் பதினொரு வீடுகளுக்கும் சூப் போய்ச் சேர்ந்தது. ஒருவருக்கு லூர்து மாதா தண்ணீர் வந்தது. இன்னொருவருக்கு ரொறன்ரோவிலிருந்து அழுதபடி ஒரு தொலைபேசி வந்தது. எல்லாவற்றையும் சிரித்துச் சமாளிக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை, பதினொருவரில் ஒருத்தியான யசிந்தா வீட்டுக்கே வந்தாள். மன்னார்ப் பெண். ஐம்பத்துநான்கு வயது. வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் ஒரு நடக்க முடியாத சிஞ்ஞோராவைத் தூக்கி, இருத்தி, குளிப்பாட்டும் வேலை.

"சிஞ்ஞோராவின்ர மகள் என்னைக் கூப்பிட்டுக் கேக்கிறா, உனக்கு வருத்தமாம், இனி அம்மாவைத் தூக்குவியோ எண்டு. ஆர் சொன்னதெண்டு கேட்டன். மேல்மாடியில வேலை செய்யிற எங்கட ஆக்கள்தானாம். அண்ணை, நான் சனிக்கிழமை வானுக்கு வரேல்லை. என்ர பேரை வெட்டி விடுங்கோ."

"ஒரு வருத்தமும் இல்லாத ஆக்களுக்குத்தான் பிள்ளை அந்தப் பரிசோதனை. நான் மடலிலயே விளக்கி எழுதிவிடுறன்."

அவள் றீற்றாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு இருக்குது அக்கா. ஒரு கட்டி. ரண்டு மாசமாய். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இந்த வான் கோயிலடிக்கு வருகுதெண்டபடியாத்தான் துணிஞ்சு பேர் குடுத்தனான். இப்ப போனால் முழுக் கோயிலும் வாசல்ல நிண்டு என்ர முகத்தைப் பாக்கும்."

"அப்ப வானுக்கு நிக்காதை. டொக்டரிட்டை போ" என்றாள் றீற்றா.

"அவரிட்டைக் காத்துக்கொண்டு இருக்கிறதும் எங்கட சனம்தானே" என்றாள் யசிந்தா.

அவள் போன பிறகு, தெரிந்த ஒரே மருந்தைத் தயாரித்தேன். திருத்தம். வெள்ளிக்கிழமை மாலைச் செபத்துக்கு ஒரு சிறப்பு மடல் அடித்தேன். "கீழ்க்காணும் பதினொருவரும் நோயாளர் அல்லர் என்பதை அறியத் தருகிறோம்." கீழே, முழுமை கருதி, பதினொரு பெயர்களும். மரியதாஸ் அதையும் வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

சனிக்கிழமை வான் வந்தது. பதினொரு பேரில் நான்கு பேர்தான் வந்தார்கள். தாதி பட்டியலைப் பார்த்து, மற்றவர்கள் எங்கே என்று கேட்டாள். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதை இத்தாலிய மொழியில் விளக்க முயன்றேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்க்காததுதான் குறை.

4. லாச்சி

அன்று மத்தியானம் றீற்றா சோறு போட்டாள். அதோடு ஒரு கடிதத்தையும் மேசையில் வைத்தாள். சுகாதாரப் பகுதியின் முத்திரை இருந்தது. பிரிக்கப்படவில்லை.

"இது உங்கட மேசை லாச்சியில ஐஞ்சு மாசமாய்க் கிடக்குது. ஊருக்கு ஊசி போடச் சொல்லி எழுதிறியள். உங்களுக்கு வந்த கடிதத்தை உடைச்சும் பாக்கேல்லை."

அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஐம்பது தாண்டியவர்களுக்கு வருகிற குடல் பரிசோதனைக் கடிதம். பார்மசியா என்கிற மருந்துக்கடையில் ஒரு சின்னப் போத்தல் தருவார்கள். வீட்டில் மலத்தின் மாதிரி எடுத்து, திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தப் பார்மசியாவின் கவுண்டரில் நிற்பவள் என்னைப் 'புரொபெஸ்ஸோரே' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவள். கடிதம் லாச்சியில் கிடந்ததற்கு வேறு காரணம் இல்லை.

"இது வேற விசயம்" என்றேன்.

"ஓம். இது உங்கட விசயம்" என்றாள் றீற்றா.

அடுத்த நாள் மடலின் முன்பக்கத்தில் சுகாதார நினைவூட்டலும் இல்லை, தலைப்பும் இல்லை. பின்பக்கத்தில், மரண அறிவித்தலுக்கும் திறப்புகளுக்கும் நடுவில், மூன்று வரி போட்டேன். "பதினொரு பெண்களின் பெயரை அவர்களைக் கேட்காமல் போட்டவன் நான். மன்னிக்கவும். நான் நாளை பார்மசியாவுக்கு மலப் பரிசோதனைப் போத்தல் எடுக்கப் போகிறேன். பெயர் அல்பிரட்."

அறிவித்தல் நேரத்தில் மரியதாஸ் இரண்டாவது வரியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணை, இதையும் வாசிக்கிறதோ?" என்று மைக்கிலேயே கேட்டார்.

"வாசியும்" என்றேன்.

வாசித்தார். சுவாமியார் இத்தாலியர், தமிழ் தெரியாதவர், பயபக்தியோடு தலையை ஆட்டினார். அதைப் பார்த்ததும் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

வாசலில் யசிந்தா நின்றாள். "நல்லாய் இருக்குதோ அண்ணை, முழுக் கோயிலும் பாக்கேக்க?"

"இல்லை."

"ம்" என்றாள். "வான் அடுத்ததாய் எங்கை போகுது?"

"வியாழன் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைக்கு."

"அங்கை மீன் சாப்பிட வாற ஆக்கள்தான். எங்கட சனம் இல்லை." றீற்றாவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்களும் வாறியளோ? இவர் வேண்டாம். போனால் வந்து எழுதிப்போடுவார்."

இருவரும் பஸ்ஸில் போனார்கள். வானில் இருந்த டொக்டர் கையால் பார்த்துவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வரும்வரை றீற்றா எங்கள் வீட்டில் யாரையும் சத்தமாகப் பேச விடவில்லை. நீர்க்கட்டி. ஊசியால் நீரை எடுத்துவிட்டார்கள். யசிந்தா சிஞ்ஞோராவின் மகளுக்கு மருத்துவமனைக் கடதாசியைக் காட்டி, வேலையைத் தொடர்ந்தாள். இதை எழுத அவளிடம் அனுமதி கேட்டேன். "பேரை மாத்தி எழுதுங்கோ" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

என் போத்தலின் முடிவும் வந்தது. அதில் இரத்தம் இருந்தது. குழாய் விட்டுப் பார்த்து, குடலில் இருந்த ஒரு முளையை வெட்டி எடுத்தார்கள். லாச்சியில் இன்னும் ஐந்து வருடம் கிடந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும் என்றார் டொக்டர். பதினான்கு பெயர் வாசித்த அந்த ஞாயிறு, கோயிலில் உண்மையாக மன்றாட்டுத் தேவைப்பட்ட ஆள் பட்டியலில் இருக்கவில்லை. பட்டியலைத் தயாரித்தவரே அவர்தான்.

5. இளையவர்களுக்கு

மடலை இனி யாராவது எடுத்து நடத்தினால் மூன்று விஷயம். ஒருவரின் பெயரைப் போடுமுன் அவரைக் கேளுங்கள். கட்டி தெரிந்தால் வானுக்குக் காத்திராமல் நேரே டொக்டரிடம் போகச் சொல்லுங்கள். அந்த வரி இப்போது ஒவ்வொரு வாரமும் திறப்புகளுக்கு மேலே வருகிறது. மற்றவருக்கு எழுதும் நினைவூட்டலை முதலில் உங்கள் லாச்சியில் தேடிப் பாருங்கள்.

முளையை வெட்டி எடுத்த வாரம் மரியதாஸ் என் பெயரை நோயாளர் பெட்டியில் போடட்டுமா என்று கேட்டார். கேட்டுத்தான் போட்டார். வாசித்தார். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் சொன்னபோது, யசிந்தாவின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. அதில் பக்தி எவ்வளவு, பழி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். நடுவில் கோடு எதுவும் இருக்கவில்லை.