வலிக்காத கையின் படம்

பொன்னேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் அன்று நான், அக்கா, அக்காவின் ஏழு வயது மகள் நித்யா மூவரும் இருந்தோம். நித்யாவின் அப்பா மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார். எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்தில் கரையேற்றியிருந்த படகிலிருந்து குதித்த நித்யா, வலது கையை ஊன்றி விழுந்துவிட்டாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

வலது கையைப் படம் எடுத்ததும் டாக்டரம்மா, "இடது கையையும் எடுங்க" என்றார்.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவன் நான். ஏமாந்துவிடக் கூடாது என்ற வீறாப்பு எனக்கு எப்போதும் உண்டு. "நல்லா இருக்கற கைக்கு இன்னாத்துக்கு மேடம் படம்? மீன்காரங்கன்னா இன்னா வேணா சொல்லலாமா?" என்று கத்திவிட்டேன்.

"கத்தாத மாமா. இந்தக் கை வலிக்கல, எடுக்கட்டும்" என்று நித்யாவே இடது கையை நீட்டினாள்.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டிலும் எலும்பின் முனையருகே ஒரு கறுப்புக் கோடு.

"எலும்பு வளர்ற இடம் இது. எல்லாக் குழந்தைக்கும் இந்தக் கோடு இருக்கும். அடிபட்ட கையில மட்டும் கொஞ்சம் அகலமா இருக்கு, பாருங்க. கவனிக்காம விட்டா அந்தக் கை வளராம குட்டையாயிடலாம்."

அக்கா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க மேடம்" என்றேன்.

"கேட்டது தப்பில்ல தம்பி. கத்தினதுதான்" என்று சிரித்தபடி மாவுக்கட்டுப் போடச் சொன்னார்.

கட்டுப் பிரித்து இரண்டு வருடமாகிறது. என்னைக் கண்டால் நித்யா இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டுவாள். "ரெண்டும் ஒரே நீளமா கீதா பாரு மாமா!" ஒவ்வொரு முறையும் நிஜமாகவே உற்றுப் பார்க்கிறேன். சரியாகத்தான் இருக்கின்றன.

நான் சண்டை போட்ட அந்த இடது கைப் படத்துக்கு ஆன செலவு முந்நூறு ரூபாய்.