சுவரில் ஏறிய விரல்கள்

மார்பில் புற்றுநோய் என்று வலது பக்கத்தை எடுத்துவிட்டு நான் ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிய வாரம், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் டாக்டர்களாகவே வந்தார்கள். அவர்களில் பெரிய டாக்டர் என் நாத்தனார். கணவருக்கு அக்கா. பிரசவத்துக்குத் தவிர ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவள்.

"கையைத் தூக்கினா தையல் விட்டுரும். நோவு இந்தப் பக்கத்துக்கும் ஓடிரும். எதையும் தொடாதே, படுத்தே இரு" என்றாள். சொன்ன அதே மூச்சில், "காபி இருக்கா? குமணன்சாவடியில பஸ் ஏறினதிலிருந்து ஒரே தலைவலி" என்றாள். நான் எழுந்து போய் இடது கையால் காபி போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதை நினைத்தால்தான் இன்று என் மேல் எரிச்சல் வருகிறது.

கரண்ட் என்று நாங்கள் சொல்லும் ரேடியேஷன் வைத்து முடிவதற்குள் தோள் இறுகிவிட்டது. வலது கை காது வரைக்கும் போகாது. தலை வாரப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டியிருந்தது. "இனிமே நீ எங்க போகப்போற? சும்மா அள்ளி முடிஞ்சுக்கோ" என்றார் கணவர். ஃபாக்டரியில் ஒரு மெஷின் கைப்பிடி இறுகிப்போனால் எண்ணெய் விட்டு, தட்டி, அது சுழலும்வரை சாப்பிடப் போகாத மனிதர் அவர்.

செக்கப்புக்குப் போனபோது ஆபரேஷன் செய்த டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார். நான் அலறினேன். "யாரும்மா உங்களை அசையாம படுக்கச் சொன்னது?" என்று கோபித்துக்கொண்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வாரம் இரண்டு நாள், எங்கள் ஃபாக்டரி ஆஸ்பத்திரியின் பின்னறையில் எக்சர்சைஸ்.

அங்கே இருந்த பிசியோதெரபி பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இடுப்பு பிடித்த ஆண்களைக் கவனித்துக்கொண்டிருந்தவள், எங்களுக்காகக் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தாள். நாங்கள் என்றால் இரண்டு பேர். இன்னொருத்தி நூம்பல் என்கிற ஊர்க்காரி. நடவு நட்டுக்கொண்டிருந்தவள், வயலெல்லாம் வீட்டுமனையாகிவிட்டதால் புருஷன் ஃபாக்டரியில் கூலியாளாகச் சேர்ந்திருந்தான். அவளுக்கு இடது பக்கத்தை எடுத்திருந்தார்கள்.

"சுவரைப் பார்த்து நில்லுங்க. விரலாலேயே மெதுவா மேல ஏறுங்க" என்றாள் பிசியோதெரபி பெண். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். இதற்கா டாக்டர் சீட்டு எழுதினார் என்று எனக்கு ஏளனமாக இருந்தது.

"இன்னாக்கா, பல்லி மாரி சொவுத்துல ஏறச் சொல்றாங்க!" என்று நூம்பல்காரி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பெஞ்சில் எனக்கும் அவளுக்கும் நடுவில் என் பையை வைத்தேன். கூலியாள் பெண்டாட்டிக்கும் எனக்கும் ஒரே வியாதி வந்ததே ஏதோ தவறுபோல நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் அவள் கோடு அவள் தலைக்கு மேல் போய்விட்டது. என் கோடு கன்னத்தருகே நின்றது. பொறுக்கமுடியாமல் நுனிக்காலில் எம்பினேன்.

"குதிகாலைத் தரையில வைங்கம்மா. முதல்லேருந்து" என்றாள் அந்தச் சின்னப்பெண். கண்ணில் நீர் வந்துவிட்டது. வலியால் இல்லை.

வீட்டிலும் செய்யச் சொல்லி, கதவுக்கு மேல் ஆணியில் மாட்டி இரண்டு கையாலும் மாறி மாறி இழுக்க ஒரு கயிறு கொடுத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "அடிப்பாவி, செத்துப்போவே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா சொன்னா கேளு" என்று கணவர் கயிற்றோடு ஆணியையும் பிடுங்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நூம்பல்காரி விசாரித்தாள். அவளிடம் போய்ச் சொல்வதா என்று இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

"எங்க ஊட்டுக்காரும் அப்டித்தான் சொன்னாரு. கையை ஆட்டக்கூடாதுன்னா இனிமே கொடத்த நீ தூக்கிக்கினு வான்னேன். அப்பால வாயே தொறக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் காலை சமையலறைக்குள் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"டிபன்?" என்றார் கணவர்.

"அசையக்கூடாதுன்னு அண்ணி சொல்லியிருக்காங்களே. ரெண்டு கையும் ஒரே உடம்புலதாங்க இருக்கு."

மூன்று நாள் பன்னும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். சனிக்கிழமை குளித்த கையோடு சுத்தியலை எடுத்து, பழைய ஓட்டையிலேயே ஆணியை அடித்தார். கயிற்றையும் மாட்டினார். பசிதான் அவருக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்தது. என் கை அல்ல.

நான்கு மாதத்தில் கை நேராக மேலே போனது. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மைதானத்தைச் சுற்றி நடக்கவைத்து, நாங்கள் திரும்பியதும் மணிக்கட்டைப் பிடித்து வாட்சைப் பார்ப்பாள் அந்தப் பெண். மூச்சு வாங்காமல் நான் மூன்று சுற்று நடந்த அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என் வீட்டில் யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை. பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்தில் நானே பின்னிய தலையோடு போய் உட்கார்ந்திருந்தேன். "நான்தான் அசையாம படுக்கவெச்சேன், அதான் தேறிட்டா" என்று நாத்தனார் பந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாயசம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கடைசி நாள் நூம்பல்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தபா எங்க ஊட்டுக்கு வாக்கா, கருவாட்டுக் கொழம்பு வெச்சித் தரேன்" என்றாள். வருகிறேன் என்றேன். எப்படி வரவேண்டும், எந்த ஸ்டாப்பில் இறங்கவேண்டும் என்று இரண்டு தடவை விளக்கினாள். நேரம் இல்லாமல் இல்லை, வழி தெரியாமலும் இல்லை. நான் போகவே இல்லை.