மூடிய சீட்டும் கடைமடைத் தண்ணீரும்

கீழ்வேளூர்ப் பக்கம் நூறு நாள் வேலைக்குப் போன பெண்களிடம் செந்தாமரையின் பேரைச் சொன்னால் முதலில் சிரித்துவிடுவார்கள். பணித்தளப் பொறுப்பாளராக இருந்த எட்டு வருஷமும் அவள் வாய்க்கால் வெட்டும் வேலையை ஒரே விதமாகத்தான் பிரித்தாள். வெட்டவேண்டிய இடத்தை அந்தப் பெண்களையே துண்டு துண்டாக அளக்கச் சொல்வாள். அளந்து முடித்த பிறகே எந்தத் துண்டு யாருக்கு என்று சீட்டுக் குலுக்குவாள். இறுகிய தரை தன் தலையிலேயே விழுந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொருத்தியும் அத்தனை ஒழுங்காக அளப்பாள்! சிரிப்பு அதற்குத்தான்.

செந்தாமரையின் பெற்றோர் மேலத்தெருக்காரர்களின் வயலில் கூலிக்கு நட்டவர்கள். அவளும் கணவன் இளவழகனும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு ஏக்கர் வாங்கினார்கள். அது கடைமடையில், வாய்க்கால் போய் முடிகிற மூலையில் இருந்தது. அவர்களைப் போலக் காலனியிலிருந்து நிலம் வாங்கிய ஒன்பது குடும்பத்துக்கும் அங்கேதான் கிடைத்தது. வாய்க்கால் தொடங்குகிற தலைமடையில் அவர்களுக்கு ஒரு குழி நிலம் விற்கக்கூட யாருக்கும் மனசு வரவில்லை.

போன தை மாதம் சம்பா பால் பிடிக்கிற நேரத்தில், ஆற்றில் இன்னும் ஐந்தே நாள்தான் தண்ணீர் வரும் என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு நனைப்புக் கிடைத்தால் நெல், இல்லையென்றால் எல்லாம் பதர்.

பாசன சங்கம் அவசரமாகக் கூடியது. தலைவர் துரைராசு மேலத்தெருக்காரர், கெட்ட மனுஷர் இல்லை. வழக்கப்படி தலைமடையிலிருந்து ஒவ்வொருவராக நிரப்பிக்கொண்டு கீழே விடலாம் என்றார். அப்படி விட்டால் தண்ணீர் பாதி வாய்க்காலைக்கூடத் தாண்டாது என்பது ஊருக்கே தெரியும். காலனி ஆட்கள் முணுமுணுத்ததும் அவருக்குச் சுருக்கென்றது.

"எல்லாருக்கும் ஒரே முறைதானேம்மா. இதுல யாரு எந்தத் தெருன்னு நாங்க பாக்கலியே."

"தண்ணிக்குப் பாக்கலீங்க. நிலம் விக்கிறப்ப பாத்தாங்களே" என்றாள் செந்தாமரை. "அந்த வரிசையிலயே தண்ணியும் வந்தா, பழசுதானே திரும்பவும் நடக்குது?"

பளிச்சென்று ஒரு வழி தெரிந்துவிட்டதில் அவளுக்கு ஒரே சந்தோஷம்! நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, முப்பத்தொரு நிலத்தின் சர்வே நம்பரையும் எழுதி மடித்து, ஒரு தூக்குச்சட்டியில் போட்டுக் குலுக்கினாள். ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னாள்.

"பிரிக்காதீங்க. கையில இருக்கறதுதான் ஒங்க நிலம்னு நெனச்சுக்கிட்டு, எப்படித் தண்ணி விடலாம்னு சொல்லுங்க. எதுன்னாலும் நான் கட்டுப்படுறேன்."

விளையாட்டு என்று நினைத்து எடுத்தவர்களின் முகம் கொஞ்ச நேரத்தில் மாறியது. வழக்கத்தை மாற்றக்கூடாது என்று அதுவரை தொண்டை கிழியக் கத்திய தலைமடைக் குணசேகரன், மூடிய கையை இரண்டு தரம் பார்த்துவிட்டு, ஏக்கருக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்குக் கட்டிவிட்டால் என்ன என்று மெல்லக் கேட்டார். வரத்து நன்றாக இருக்கும்போதே கடைமடைக்கு முதலில் விடலாம், பிறகு என்றால் அவ்வளவு தூரம் எட்டாது என்றார் இன்னொருவர். அதுவும் மேலத்தெரு வாய்! அரை மணியில் தீர்மானமாகிவிட்டது. ஏக்கருக்கு மூன்று மணி நேரம், கடைமடை முதலில்.

சீட்டுகளைப் பிரித்தார்கள். துரைராசுவுக்கு அவருடைய நிலமே வந்திருந்தது. தலைமடை நிலம்; பழைய முறை என்றால் அவருக்குத் தண்ணீர் நிச்சயம். ஆனாலும் சொன்னது சொன்னதுதான் என்று சொல்லித் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் செந்தாமரையின் மடையில் தண்ணீர் புகுந்தது. வரப்பில் அதோடு சேர்ந்து ஓடினாள். நாற்பத்தாறு வயசு என்று யாராவது சொன்னால்தான் அவளுக்கே நினைவு வரும்.

மதியம் ஒரு மணிக்கு அவள் நேரம் முடிந்தபோது வடக்கு மூலை மட்டும் வெடிப்போடு கிடந்தது. இளவழகன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "யாரும் இல்ல. இன்னொரு அரை மணி ஓடட்டுமே" என்றான்.

அந்த மூலையும் அரை மணியில் நனைந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த நிமிஷம் வாய்க்காலில் இறங்கிச் சேற்றை வாரித் தன் மடையை அடைத்தாள். கையைக்கூடக் கழுவாமல் மேல் வயல்காரருக்குப் போன் போட்டாள்.

"நம்ம நேரம் முடிஞ்சிடுச்சு. மடையத் தெறந்துக்குங்க."