சாய்ந்த தோளுக்குத் தைத்த கவுன்

பிலோமினா மிஸ் இறந்துபோன செய்தியைக் கமலாதான் போனில் சொன்னாள். நான் ரொட்டிக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். "நம்ம சேம்பிள் ரூம் மிஸ் போயிட்டாங்கடி. ஞாயித்துக்கெழம அடக்கம்" என்றாள். "அப்படியா" என்று சொல்லி போனை வைத்துவிட்டு மிச்ச மாவையும் சலித்து முடித்தேன். கண்ணீர் வரவில்லை. வரவழைத்துப் பார்க்கவும் இல்லை.

மறுவாரம் அவளே மறுபடி கூப்பிட்டாள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறார்களாம். பழைய சேம்பிள் ரூம் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். "ஒனக்குத்தான் எழுத வருமே. ஊருக்கே கடுதாசி எழுதிக் குடுக்கிற. ஆனா நல்லதா எழுதுடி, செத்தவங்கள பத்தி" என்றாள். சரி, எழுதுகிறேன். நல்லதா கெட்டதா என்பதை வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். உங்களில் பாதிப் பேர் என்னைப் பற்றி என்ன நினைத்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். வேண்டுமென்றே கூனி நின்று ஒரு வெளிநாட்டு ஓடரையே நாசமாக்கியவள், ஆறாம் தையல் லைனை மூட வைத்தவள், கமலாவின் தங்கச்சி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகக் காரணமானவள். அதனால் ஒரு பக்கத்தில் என்னால் முடிக்க முடியாது.

பலாங்கொடைக்குக் கீழே பெரிய பாதையில் அந்த கார்மென்ட் தொழிற்சாலை திறந்த புதிதில் நான் வேலைக்குப் போனேன். அதற்கு முன் நாலு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டிவிட்டுத்தான் மலையை விட்டு இறங்கினேன். அம்மா அழுதார். "இனி கூடை கட்டிக்கிட்டு மலை ஏற மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அந்த வேலை என்னவாக இருந்தது என்பது இந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது.

மாதிரி உடுப்புத் தைக்கும் சேம்பிள் ரூமுக்குப் பொறுப்பு பிலோமினா மிஸ். கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை வீட்டுத் தமிழ்ப் பெண். கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் கால் வைக்காமல் வளர்ந்தவர். தொழிற்சாலைக்குள் நாங்கள் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் முகத்தைச் சுளிப்பார். எங்களைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ் வரும். முதல் வாரமே புதுப்பிள்ளைகள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி மார்பு, இடுப்பு, தொடைச்சுற்று, முதுகு உயரம் என்று டேப் வைத்து அளந்தார். என்னிடம் வந்ததும் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், மறுபடி அளந்தார். வெளிநாட்டுக்காரர் அனுப்பிய சைஸ் டென் அளவு என் உடம்பில் அப்படியே இருந்ததாம். அன்றிலிருந்து நான் மெஷினில் உட்காரவில்லை. வெட்டித் தைக்கிற ஒவ்வொரு புது உடுப்பையும் போட்டுக்கொண்டு, குண்டூசி குத்தக் குத்த நிற்பதுதான் வேலை. "ஒடம்பு மட்டும் போதும். வாய வாசல்ல செருப்போட கழட்டி வச்சுட்டு வா" என்பார். என்னை "டென்" என்றுதான் கூப்பிடுவார். மூன்று வருஷமும் டென்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் அவரைப் போல ஆகிவிடுவேன். கொழும்பில் குண்டு வெடித்த ஒரு சமயம், நாங்கள் தங்கியிருந்த போடிங் விடுதியிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரையும் பொலிசுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். காலையில் பிலோமினா மிஸ் தொழிற்சாலைக் கடிதத்தோடு வந்து நின்றார். சிங்களத்தில் அங்கிருந்த பொலிஸ் பெரியவரோடு அப்படி ஒரு சண்டை. "இவங்க என் பிள்ளைகள், என் பிள்ளைகளை விடுங்கள்" என்று மேசையில் தட்டித் தட்டிப் பேசினார். எங்களை விட்டார்கள். அதைப் பார்த்து நான் உருகிப்போனது உண்மை. வெளியே வந்து பாதையைக் கடப்பதற்குள், "அரை நாள் வேல போச்சு, மூதேவிகளா" என்றார். இரண்டும் அவர்தான்.

இப்போது அந்தக் கவுனுக்கு வருகிறேன். கத்திரிப்பூ நிறம். மெல்லிய துணி, உள்ளே வழுக்கும் லைனிங். தோளில் பட்டியும் இல்லை, கையும் இல்லை. இரண்டு புஜத்தையும் நெஞ்சையும் சுற்றி ஓடுகிற ஒரேயொரு எலாஸ்டிக்தான் மொத்தக் கவுனையும் தாங்க வேண்டும். அதன்மேல் ஒரு சாண் அகலத்துக்கு ஃப்ரில் விழும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே விரியும். முன்பக்கம் முழங்காலோடு நின்றுவிடும். இரண்டு பக்கமும் இறங்கி இறங்கிப் போய்ப் பின்பக்கம் கணுக்காலைத் தொடும். போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன் நின்றபோது, யாரோ முன்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போனது போலிருந்தது.

மேலே ஃபேன் ஓடியது. வெறும் தோளில் காற்றுப் பட்டதும் மயிர்க்கூச்செறிந்தது. பிறந்ததிலிருந்து என் தோளை வெயிலே பார்த்ததில்லை, காற்று எங்கே பார்த்திருக்கும்? கழுத்தும் முழங்கைக்குக் கீழும் கறுப்பு, தோள் மட்டும் வேறு யாருடையதோ போல வெளுப்பு. மூச்சை இழுத்தால் எலாஸ்டிக் இறுகும், விட்டால் ஒரு நூல் கீழே இறங்கும். மிஸ் ஐந்து அடி நடந்து காட்டச் சொன்னார். முன்னால் முழங்காலுக்கு ஒரு தடையும் இல்லை, ஓடலாம் போலிருந்தது. பின்பக்கம் அரை அடி பிந்தி வந்தது. திரும்பினால் நான் நின்ற பிறகும் அது சுற்றிவந்து காலில் அணைந்தது. ஐயோ, எவ்வளவு நன்றாக இருந்தது! நான் இன்னொரு தரம் திரும்பினேன். "நடக்கத்தான் சொன்னேன், ஆடச் சொல்லல" என்றார். அந்தக் கவுன் மீது எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

பிறகு காலைப் பார்த்தார். "இதென்ன, அம்மையா?"

"அட்டை கடிச்ச தழும்புங்க மிஸ்."

"எந்த மலையில இருந்து வந்தேன்னு கால்லயே எழுதி வச்சிருக்கியே." எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

கவுன் என் தோளில் நிற்கவில்லை. கையை லேசாக அசைத்தாலே சரிந்து முழங்கைப் பக்கம் வந்தது. முன்பக்கம் சொன்ன அளவைவிடத் தாழ்ந்து தொங்கியது. பிலோமினா மிஸ் எலாஸ்டிக்கை அரை அங்குலம் குறைத்தார். மறுபடி சரிந்தது. "கெலின் ஹிட்டபன்!" என்று கத்தினார், நிமிர்ந்து நில் என்று. நிமிர்ந்துதான் நின்றேன். நாலு வருஷம் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி இழுத்தவளுக்குக் கழுத்து முன்னுக்கு வரும், தோள் இரண்டும் தகரக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரியும். எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான், லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு அக்காவுக்கும் அப்படித்தான். டேப் சுற்றளவைத்தான் சொல்லும். சரிவைச் சொல்லாது. "மிஸ், என் தோள் சரிஞ்ச தோளுங்க. லைன்ல வேற ஒரு புள்ளைக்குப் போட்டுப் பாருங்க" என்றேன். மூன்று வருஷத்தில் நான் வாயைத் திறந்து சொன்ன முதல் யோசனை அது.

"அளவு சரி. கவுனும் சரி. ஒனக்கு வாய்தான் கூடிப்போச்சு" என்றார்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் என் மேலேயே வெட்டினார். எலாஸ்டிக் குறைந்துகொண்டே போனது, முன்பக்க விளிம்பு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பூட்டுப் போட்டது போல உட்கார்ந்தது. அவருடைய கைத்திறமை பெரிது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். உடுப்பை வாங்குகிற வெளிநாட்டுக்காரரின் ஆளாகக் கொழும்பிலிருந்து ஒரு நோனா, பெரிய இடத்து அம்மா, வந்தார். அவர் வருவதற்கு முன் என் காலுக்குப் பவுடர் பூசி மறைத்தார் மிஸ். நோனா என்னைச் சுற்றிவந்து பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார். ஒரு நூல் அசையவில்லை. கைதட்டினார். அந்த அளவிலேயே ஓடர் முழுவதும் வெட்டியாயிற்று.

இரண்டு மாதத்தில் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. நேரான தோளுக்குப் போட்டால் எலாஸ்டிக் புஜத்தை நெரிக்கிறதாம், கையைத் தூக்கினால் கவுன் கழுத்துக்கு ஏறுகிறதாம், முன்பக்கம் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்கிறதாம். மனேஜர் சேம்பிள் ரூமுக்கு வந்து எல்லோருக்கும் முன்னால் கேட்டார். பிலோமினா மிஸ் என்னைக் கை நீட்டிக் காட்டினார். "இவள் வேண்டுமென்றே கூனி நின்றாள். மெஷினில் போடவில்லை என்ற ஆத்திரம்" என்று சிங்களத்தில் சொன்னார். "நான் நிமிர்ந்துதான் நின்னேன்" என்று நான் தமிழில் சொன்னேன், பதற்றத்தில் சிங்களம் வாயில் வரவில்லை. மனேஜருக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கியது. யாரும் வாய் திறக்கவில்லை.

ஆறாம் லைனை மூடினார்கள். என்னை நிறுத்திய கடிதத்தை மிஸ்தான் எழுதினார். பேனாவைத் திறந்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "ஒன் பேர் என்ன?" என்று கேட்டார். "செல்வராணி" என்றேன். அதற்குள் கமலா என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அவள் தங்கச்சி ஆறாம் லைனில் இருந்தவள். அவள் மறுபடி என்னோடு பேச வருஷக்கணக்கானது.

நான் தோட்டத்துக்குத் திரும்பிப் போய்ப் பேர் பதிந்து மறுபடி கூடை கட்டினேன். அம்மா கயிற்றுக்கு அடியில் வைக்க ஒரு பழந்துணியை மடித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். அதை வாங்கிய அன்றைக்குத்தான் நான் பிலோமினா மிஸ்ஸை வயிறெரிந்து சபித்தேன்.

அந்தக் கவுன்கள் பலாங்கொடைச் சந்தையில் தரையில் படங்கு விரித்துக் குவியலாக விற்பனைக்கு வந்தன. எங்கள் தோட்டத்துப் பெண்கள் சும்மா விடுவார்களா? தீபாவளிக்கு லயம் முழுக்கக் கத்திரிப்பூ நிறம். பெரியவர்கள் தலையிலடித்துக்கொண்டார்கள். சிலர் உள்ளே ஜாக்கெட் போட்டார்கள், சிலர் மேலே துண்டைப் போர்த்தினார்கள், இரண்டு மூன்று பேர் துணிந்து அப்படியே வந்தார்கள். ஒருத்திக்குக்கூடச் சரியவில்லை, ஒருத்திக்குக்கூட நெரிக்கவில்லை. அம்மாவும் ஒன்று வாங்கிவந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, போட்டுப் பார்த்தார். அம்மாவின் ஐம்பதாவது வயதில்தான் முதல்முதலாக அவருடைய தோளை நான் பார்த்தேன். கொழுந்தைப் பின்னால் கூடைக்குள் வீசுவது போல இரண்டு கையையும் தோளுக்கு மேலே வீசிப் பார்த்தார். மறுபடி வீசினார். "ஏண்டி, இது எனக்குன்னே தச்ச மாதிரில்ல இருக்கு!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்குத் தைத்தது என்று எனக்குத் தெரியுமே.

கடைசியாக பிலோமினா மிஸ்ஸைப் பார்த்தது இரண்டு வருஷத்துக்கு முன், இரத்தினபுரி பஸ்ஸில். நான் அப்போது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்கு மாறியிருந்தேன், ஏதோ கடிதம் கொடுக்கப் போனேன். ஜன்னலோரம் அவர், வற்றிப்போய். பக்கத்து இடம்தான் காலி. உட்கார்ந்தேன். வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே பேசினார்.

"அந்த கவுன் ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"மறக்கிற கவுனாங்க மிஸ் அது?"

"ரெண்டாவது ஃபிட்டிங்லயே எனக்குத் தெரியும். நீ நேராத்தான் நின்ன."

"அப்ப ஏன் மிஸ் அப்படி சொன்னீங்க?"

"யாரையாச்சும் காட்டணும்ல. என்னய அனுப்பியிருந்தா எனக்குப் போக எடமில்ல. ஒனக்குத் தோட்டம் இருந்திச்சு."

தோட்டம் இருந்திச்சாம்! பாவி, அதிலிருந்து தப்பத்தானே நான் உன் காலடியில் மூன்று வருஷம் குண்டூசிக் குத்து வாங்கினேன்? இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. போனை எடுத்துக் கமலாவின் நம்பரை அழுத்தி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இப்ப எங்கிட்ட சொன்னத இவகிட்டயும் சொல்லுங்க. ஒரு வார்த்த போதும்." போனையே பார்த்தார். உதடு அசைந்தது. "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று பையை எடுத்துக்கொண்டு, என் முழங்காலைத் தாண்டி, பெல்மதுளையில் இறங்கிப் போனார். அவர் போகவேண்டிய இடம் அது இல்லை. டிக்கட் இரத்தினபுரிக்குத்தான் எடுத்திருந்தார், நான் பார்த்தேன்.

கமலா, அன்றைக்கு உனக்கு ஒரு போன் வந்து வெறும் பஸ் இரைச்சல் மட்டும் கேட்டிருக்கும். நீ "ஹலோ, ஹலோ" என்று கத்தினாய். அது நான்தான்.

அவருடைய ஆத்மா சாந்தியடையட்டும் என்று மற்றவர்கள் எழுதியிருப்பீர்கள். நான் எழுத மாட்டேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது "நீ நேராத்தான் நின்ன" என்ற அந்த ஒரு பேச்சுத்தான். சாட்சி இல்லாத பேச்சு. இருந்தும் அதை வைத்துக்கொண்டுதான் இரண்டு வருஷமாக உங்கள் முன்னால் தலை குனியாமல் நடக்கிறேன். புத்தகத்தில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். கமலா, நீ மட்டும் இன்று சவூதிக்கு போன் போட்டு, உன் தங்கச்சிக்கு இதை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டு.