மீசைக்காரருக்கு ஊற்றிய தண்ணீர்

சமயநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், கடல் வைத்திருக்கிறவர்கள் வீடா என்று திருப்பிக் கேட்பார்கள். கேலிதான். ஹாலில் டிவி இருந்த இடத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் உயிருள்ள பவளங்கள், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு மீன், நத்தைகள், ஓர் இறால். கறிக்கு ஆகாத மீனுக்கு இவ்வளவு கூத்தா என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. உங்கள் வீட்டு நாயைக் குழம்பு வைக்கவா வளர்க்கிறீர்கள் என்று நானும் பதிலுக்குக் கேட்டுவிடுவேன். காப்பி குடிக்காமலே எழுந்து போனவர்களும் உண்டு.

நம் போர் தண்ணீரே உப்புத்தானே, அதையே ஊற்ற வேண்டியதுதானே என்றும் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் போர் தண்ணீர் உப்பு வாளியில் வெள்ளைப் படிவு கட்டுகிற உப்பு, தலைமுடியைக் கொட்ட வைக்கிற உப்பு. கடல் உப்பில் கால்சியம், மெக்னீசியம் என்று எல்லாம் ஒரு கணக்கோடு இருக்கும். அந்தக் கணக்கு கெட்டால் பவளம் விரியாது. அதனால் தண்ணீரில் இருப்பதையெல்லாம் முதலில் மெஷினில் வடிகட்டி வெறும் தண்ணீராக்க வேண்டும். பிறகு, இதற்கென்றே விற்கிற உப்புக் கலவையை அளந்து கலக்க வேண்டும். நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். பகலெல்லாம் ஊரார் ரத்தத்தில் சர்க்கரையும் உப்பும் பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்து தொட்டித் தண்ணீரைக் குழாயில் பிடித்து மருந்துச் சொட்டு விடுவேன். கப்பலூர் கம்பெனியிலிருந்து களைத்து வரும் என் கணவர், லேபில் விட்டது போதாதா என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்.

உப்பைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம்தான். ஒரு கம்பெனி உப்பு கலக்கியதும் கண்ணாடி மாதிரித் தெளியும், கால்சியம் குறைவாக இருக்கும். இன்னொன்றில் எல்லாம் தாராளமாக இருக்கும், ஆனால் வாளி அடியில் சுண்ணாம்பு மாதிரிப் படியும். மதுரையில் எனக்கு உப்பு கொடுக்கும் கடைக்காரத் தம்பி என் தொல்லை தாங்கிப் பழகியவர். அம்மாவோடு போனில் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டே எனக்குத் தமிழில் பதில் சொல்லுவார். போன சித்திரையில், பழைய உப்பில் காரத்தன்மை ஏறி என் பவளத்தின் நுனிகள் வெளுத்தபோது, அக்கா இதைப் போட்டுப் பாருங்கள் என்று வேறொரு கம்பெனி வாளியை எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

தொட்டிக்கு என்னைவிட நெருக்கமானவர் என் மாமனார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறி இறங்கிய மனிதருக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. என் மாமியார் இறந்த பிறகு அது இன்னும் மோசமானது. ஒருநாள் மதியம் அத்தை நெஞ்சு எரிகிறது என்று சொல்ல, வாய்வாக இருக்கும் என்று மாமா ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கச் சொல்லியிருக்கிறார். அது வாய்வு இல்லை. அன்றிலிருந்து வீட்டில் பால் திரிந்தாலும், ஃபியூஸ் போனாலும், "என் கை ராசி அப்படி" என்பார். ஒரு மனிதர் அப்படிச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுவதைப் பார்க்க முடியாது. அதனால்தான் தொட்டி வேலையில் ஒன்றை அவரிடம் கொடுத்தேன்.

அது தண்ணீர் ஊற்றுகிற வேலை. நம் ஊர் வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் தினமும் வற்றும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லி நான் தோற்றிருக்கிறேன். மாமா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். "குழம்பு வத்துனா தண்ணிதானே விடுவோம், உப்பையா அள்ளிப் போடுவோம்" என்றார். காலையில் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, குவளையோடு தொட்டிக்கு முன்னால் போய் நிற்பார். மீனுக்கு அவர் வைத்த பேர் மாப்ள. வெள்ளை மீசையை ஆட்டிக்கொண்டு பாறை இடுக்கில் உட்கார்ந்திருக்கும் இறால், மீசைக்காரர். மாமா வலது கையை நீட்டினால் இறால் வந்து அவர் நகத்தைச் சுத்தம் செய்யும். அத்தை போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

கொட்டாம்பட்டியில் என் தம்பி வீடு கட்டிப் பால் காய்ச்சினான். நானும் கணவரும் போய்ச் சில நாள் தங்கினோம். மாமாவையும் கூப்பிட்டோம். மாப்ளயை யார் பார்ப்பது என்று சொல்லி அவர் வரவில்லை. வெளியே வருத்தப்பட்டேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். போகும் முன், கடைக்காரத் தம்பி அப்போதுதான் கொடுத்திருந்த புது உப்பில் கலக்கிய தண்ணீரைக் கொஞ்சம் மாற்றிவிட்டு, மெஷின் தண்ணீரை பிளாஸ்டிக் கேனில் நிறைத்து வைத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது மாமா வாசலிலேயே நின்றார். தாயி, கொஞ்சம் வந்து பாரேன் என்றார். பவளங்கள் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. நத்தைகள் கண்ணாடியை விட்டு மணலில் மல்லாந்திருந்தன. மீசைக்காரர் பாறைக்கு முன்னால் ஒருக்களித்துக் கிடந்தார். மாப்ள மட்டும் ஒன்றும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தது. "நீ சொன்ன மாதிரிதான் ஊத்துனேன் தாயி. ஒரு சொட்டுகூடக் கொறையல" என்றார் மாமா.

உப்பைப் பார்த்தேன், சரியாக இருந்தது. காரத்தன்மையும் கால்சியமும் சரி. பிறகுதான் தொட்டிக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்த செம்புப் பானையைப் பார்த்தேன். அது நாத்தனார் வாங்கிக் கொடுத்த பானை. செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று மாமா அதில்தான் குடிப்பார், புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார். அதன் மேல் தொட்டிக் குவளை கவிழ்த்திருந்தது. இந்த வெயிலில் பிளாஸ்டிக் கேனில் கிடந்தால் தண்ணீர் நாறிப் போகும், வாயில்லாத ஜீவனுக்கு அதையா கொடுப்பது என்று, மெஷின் தண்ணீரைப் பானையில் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் தொட்டியில் விட்டிருக்கிறார். தனக்கு நல்லதென்று நினைத்ததை அவற்றுக்கும் கொடுத்திருக்கிறார்.

செம்பு மீனை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் அது விஷம். அதிலும் எல்லாம் வடிகட்டிய வெறும் தண்ணீர், எந்தப் பாத்திரத்தில் வைத்தாலும் அதிலிருந்து கொஞ்சத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். முன்பு ஒருமுறை மாப்ளக்கு நோய் வந்தபோது தனி வாளியில் வைத்துச் செம்பு மருந்துதான் கொடுத்தேன், அதை அளக்கிற குப்பி அலமாரியில் இருந்தது. சொட்டு விட்டதும் நிறம் மாறிவிட்டது. உப்பைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பிரசங்கம் செய்தவள், தினம் தண்ணீர் ஊற்றுகிற மனிதரிடம் செம்பு ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பானை எந்நேரமும் என் கண் முன்னால்தான் இருந்தது.

"என் கைதானே தாயி?" என்றார் மாமா. அவர் முகத்தைப் பார்த்தேன். ஓமத் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"இல்ல மாமா. புது உப்புல கோளாறு" என்றேன்.

என் கணவரிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். அப்பாவிடம் சொன்னால் அம்புட்டுத்தான், மனுசன் சோற்றில் கை வைக்க மாட்டார், அப்படியே விட்டுவிடு என்றார். விட்டுவிட்டேன். பானையை அடுப்படிக்கு நகர்த்தினேன். செம்பை உறிஞ்சுகிற பொடியை வடிகட்டியில் போட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நாளைக்கு நானே ஊற்றிக்கொள்கிறேன் மாமா என்றேன், அவரும் சரி என்றார். ஓர் உப்பு வாளி மீது பழி போட்டதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

உப்பை விற்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதை நான் மறந்தேன், மாமா மறக்கவில்லை. நான் வேலைக்குப் போயிருந்தபோது, கடைப் பையில் அச்சடித்திருந்த நம்பருக்குப் போன் செய்து, நம்பி வாங்குகிற பெண்பிள்ளையை ஏமாற்றலாமா என்று கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் எங்கள் தொட்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கடைக்காரத் தம்பி ஓர் அறிவிப்புப் போட்டார். இந்த உப்பை யாரும் பயன்படுத்த வேண்டாம், லேபில் இருக்கும் அக்கா ஒருவர் வீட்டில் எல்லாம் செத்துவிட்டது, வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கலாம் என்று. அதற்குக் கீழே ஒருவர் பின் ஒருவராக, எங்கள் பவளமும் இரண்டு நாளாகச் சரியில்லை என்று எழுத ஆரம்பித்தார்கள். பயந்துவிட்டால் எல்லாமே சரியில்லாமல்தான் தெரியும். பதில் எழுத எடுத்த போனை எழுதாமலே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி பைக்கில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி. தன் கடையில் வருசக்கணக்காக வளர்க்கும் பவளத்திலிருந்து வெட்டிய துண்டுகளும் ஓர் இறாலும் கொண்டுவந்திருந்தார். நான்தானே எடுத்துக் கொடுத்தேன், எனக்குத் தூக்கமே வரவில்லை அக்கா என்றார். மாமா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கோபப்படாமல், நிதானமாகத் திட்டினார். அதுதான் கொடுமை. தொழிலில் நாணயம் வேண்டாமா தம்பி, நான் ஒரு ஃபியூஸைத் தப்பாகப் போட்டிருந்தால் ஓர் உயிர் போயிருக்காதா என்று கேட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். நான் காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றேன், உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

திட்டி முடித்த மாமா, வெயிலில் வந்த பிள்ளை என்று என்னைத் தாண்டி அடுப்படிக்குள் போய், பானையிலிருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். செம்பு டம்ளர். இதில் குடித்துப் பார் தம்பி, மீனுக்கே நான் செம்புப் பானையில் வைத்துத்தான் ஊற்றினேன் என்றார்.

தம்பியின் வாய்க்குப் போன டம்ளர் நின்றது. டம்ளரைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அதிலேயே அவருக்குப் புரிந்துபோயிற்று. மடமடவென்று குடித்தார். "என் மேல தப்புதான்யா, இனிமே பார்த்துக் கொடுக்கிறேன்" என்றார்.

அவர் மட்டும் உண்மையைப் போட்டு உடைத்திருந்தால் நான் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். தன் கடைப் பேரைக் கெடுத்தவளுக்காக அவர் பொய் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. காப்பியைக் கீழே வைத்தேன்.

"மாமா, உப்பு இல்ல. செம்பு. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றேன்.

மாமா பானை இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, அந்தச் சின்ன வயசுப் பையனைப் பார்த்துக் கைகூப்பினார். தம்பி பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் அழவும் வெட்கமாக இருந்தது. தம்பி கிளம்புவதற்குள் குழுவில் எழுதினேன். உப்பில் குறையில்லை, எங்கள் வீட்டில் செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டோம், தெரிந்தும் சொல்லாமல் விட்டது நான் என்று. சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். உப்பைக் கொட்டிவிட்டவர்கள் ஒன்றும் போடவில்லை.

மாமா சாப்பாட்டை நிறுத்தவில்லை. என் கணவர் சொன்னது பொய்த்தது. ஆனால் மறுநாள் அவர் இடது கையில் காப்பு இல்லை. பிரஷருக்கு நல்லதென்று அத்தை கோயில் கடையில் வாங்கி மாட்டிவிட்ட செம்புக் காப்பு அது. குளிக்கும்போதுகூடக் கழற்றாதவர். தண்ணீருக்குள் அந்தக் கையை விடாவிட்டால் அதனால் ஒன்றும் ஆகாது, போட்டுக்கொள்ளுங்கள் மாமா என்று எவ்வளவோ சொன்னேன். இருக்கட்டும் தாயி என்று மட்டும் சொன்னார். காப்பு இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு வட்டம் தெரிந்தது. கழற்ற வைத்தது நான்தான்.

தண்ணீரில் செம்பு இல்லையென்று குப்பி காட்டிய பிறகு தம்பி கொடுத்த இறாலை விட்டோம். அதுவரை அதையும் பவளத் துண்டுகளையும் அவர் திரும்பக் கொண்டுபோய்த் தன் கடையிலேயே வைத்திருந்தார். ஊற்றுகிற வேலையை மாமாவிடமே திரும்பக் கொடுத்தேன். பிளாஸ்டிக் குவளையைக் கையில் வாங்கியவர், ஊற்றும் முன் பாறை இடுக்கைப் பார்த்தார்.

"தாயி, மீசைக்காரர் ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருப்பாரோ?"

"இல்ல மாமா. உடனேயே போயிருக்கும்" என்றேன்.

மாமா தலையை ஆட்டினார்.

"உங்க அத்தைக்கும் டாக்டர் அப்படித்தான் சொன்னாரு" என்றார். பிறகு மெதுவாகத் தண்ணீரை ஊற்றினார்.