சரியான சொல்லுக்குத் திறவாத பெட்டகங்கள்

பூட்டுத் திறப்பவரிடம் சாவியைத் தொலைத்தவர்கள் வருவார்கள். என்னிடம் வருபவர்களோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நிற்பவர்கள்.

பதுளை பஸ் நிலையத்திற்கு அருகே, ஒரு மருந்துக்கடையின் மாடியில் என் பட்டறை இருக்கிறது. கைத்தொலைபேசியும் கணினியும் பழுதுபார்ப்பேன். ஆயினும் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது கடவுச்சொல் பெட்டகம்தான். மின்னஞ்சல், வங்கி, இன்னும் என்னென்னவோ கணக்குகளின் கடவுச்சொற்களையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டி, ஒரே ஒரு முதன்மைச் சொல்லால் திறக்கும் செயலி அது. அந்த ஒரு சொல்லைச் சரியாக எழுதியும் ‘தவறு’ என்று அது முகத்தில் அறைவதை, வாசகரே, நீங்களும் ஒருநாள் அனுபவித்திருப்பீர்கள்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவனல்லன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவன்; ஓய்வுபெற்ற பின், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணினிக் கையேடுகளை வரிவரியாகப் படித்துத் தேறியவன். எவருடைய சொல்லையும் நான் கேட்பதில்லை, பார்ப்பதுமில்லை. அவர்கள் எழுதும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். கீழே வரும் மூவரில் இருவருக்குப் போனது பொறுமை மட்டுமே. மூன்றாமவருக்கோ ஓர் உத்தியோகமே அந்தப் பெட்டகத்துக்குள் கிடந்தது.

ஒன்றுமில்லாத எழுத்து

பண்டாரவளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் வந்தார். தொலைபேசியை மேசைமீது வைத்த வேகத்திலேயே அவருடைய கோபம் தெரிந்தது. சொல் சரி, ஒன்பது எழுத்து, நித்திரையிலும் சொல்வேன் என்றார். நான் சுவரைப் பார்த்து நின்றேன். கண்ணை மூடினால் காது கூர்மையாகும் என்பது இயந்திரங்களோடு பழகியவருக்குத் தெரியும். மூன்று தட்டல்கள்தான் கேட்டன. “ஒன்பது எழுத்து என்கிறீர்கள், மூன்றுதானே தட்டினீர்கள்?” என்று கேட்டேன். “மிச்சத்த போனே எழுதிடும்ங்க” என்றார் பெருமையாக.

கோளாறு அங்கேதான் இருந்தது. தொலைபேசி ஊகித்து எழுதும் சொல்லைத் தொட்டால், அது சொல்லின் கடைசியில் ஓர் இடைவெளியையும் சேர்த்துவிடும். கண்ணுக்கு அது வெறுமை. பெட்டகத்துக்கு அது பத்தாவது எழுத்து. ஒன்பதையும் அவரே எழுதியபோது பெட்டகம் திறந்தது. படியிறங்கும்போது அவர் சொன்னார்: “ஒன்னுமே இல்லாத எடத்தையும் எழுத்துன்னு நிறுக்குதே, இதுக்கு எங்க சந்தைத் தராசு எவ்வளவோ தேவலைங்க.”

எந்த வாசல்?

பதுளையிலேயே புடவைக்கடை வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். புதுத் தொலைபேசி, பழைய சொல், மூன்று நாளாகத் திறக்கவில்லை. நான் சொல்லைப் பற்றிக் கேட்கவேயில்லை. சொல்லுக்கு மேலே உள்ள மின்னஞ்சல் முகவரியை வாசிக்கச் சொன்னேன். அவருக்கு முகவரிகள் இரண்டு, கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இரண்டிலும் எப்போதோ ஒவ்வொரு பெட்டகம் தொடங்கியிருக்கிறார். கடைப் பெட்டகத்தின் சொல்லை வீட்டுப் பெட்டகத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முகவரியை மாற்றியதும் திறந்துகொண்டது. அவர் மேலும் கீழும் பார்த்தார். அந்த அம்மாள் என்னிடம் மட்டும் சொல்வதுபோல், ஆனால் அவர் காதில் விழும்படியாகச் சொன்னார்: “கடைச் சாவியக் கொண்டாந்து வீட்டுப் பூட்டுல போட்டு ஆட்டிட்டு, மூணு நாளா எங்க மேல எரிஞ்சு விழுந்தாருங்க.”

பசறையிலிருந்து வந்த டீச்சர்

மகேஸ்வரி டீச்சர் பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் சிறு பிள்ளைகளுக்கு முன்பள்ளி நடத்துபவர். ஒரு புதன்கிழமை, தம் கணவரின் தம்பி ஓட்டிய ஆட்டோவில் வந்து இறங்கினார். அரசாங்கப் பாடசாலை ஆசிரியை வேலைக்குப் பல வருடமாக விண்ணப்பித்தவருக்கு முதன்முறையாக நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. தேர்வு வெள்ளிக்கிழமை, பதுளையில். அழைப்புக் கடிதம் மின்னஞ்சலில் இருந்தது. அதன் பிரதி இல்லாமல் வருபவருக்கு அனுமதியில்லை. அடுத்த வருடம் அவர் வயதெல்லையைத் தாண்டிவிடுவார். ஆகவே, இன்னொரு தடவை என்பது அவருக்கு இல்லை.

பழைய தொலைபேசி, தோட்டத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது விழுந்து செத்துப்போயிற்று. அதிலிருந்த எண், கலியாணமாகி வெளிநாடு போய்விட்ட நாத்தனாரின் பெயரில் பதிவானது. அதை மீட்க வழியில்லை. அந்த எண் இல்லாமல் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றவும் வழியில்லை. அந்தக் கடவுச்சொல் இருப்பதோ பெட்டகத்துக்குள். புதுத் தொலைபேசியில் பெட்டகத்தை நிறுவி முதன்மைச் சொல்லை எழுதினால், தவறு என்கிறது.

இடைவெளி இல்லை. முகவரி ஒன்றே ஒன்றுதான். ஆங்கிலப் பெரிய எழுத்து சிறிய எழுத்துப் பிரச்சினையா என்று கேட்டபோது டீச்சர், தாம் சொல்லைத் தமிழிலேயே வைத்திருப்பதாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் தமிழால் பூட்டிய ஒருவரை அன்றுதான் கண்டேன். மனம் நிமிர்ந்தது உண்மை. அந்தச் செயலி சில முறைகளுக்கு மேல் தவறினால் ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கொள்ளும். மேலும் முயல வேண்டாமென்று தடுத்து, “மறந்திருக்க வாய்ப்புண்டா, அம்மா?” என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “மறந்திருந்தா மறந்துட்டேன்னு ஒத்துக்குவேங்க. இது நான் தெனம் காலையில சொல்ற சொல்லு.”

அழிக்கச் சொன்னவர்கள்

வியாழன் காலை மறுபடியும் வந்தார்கள். வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கொழுந்தனாரும் மாடியேறினார். “எங்க அண்ணி காலையில வேலைக்கு வரிசையா நிக்கிற பெரட்டுல பேர் கூப்பிட்டாகூட பக்கத்து வீட்டுப் பேருக்குத்தான் கை தூக்குவாங்க. ஒரு எழுத்து மாத்திப் போட்டிருப்பாங்க ஐயா” என்றார். டீச்சர் திரும்பிப் பார்க்காமலே, “மணவறையில பொண்ணு பேரையே மாத்திச் சொன்னவரு பேசுறாரு” என்றார். அதற்குப்பின் கொழுந்தனார் சன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

அடுத்த கடைக்காரரும் செய்தி கேட்டு வந்தார். தொலைபேசித் தொழிலில் டிப்ளோமா வாங்கிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருப்பவர். பெட்டகத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்பது அவருடைய யோசனை. அழித்தால் உள்ளே உள்ள அனைத்தும் போகும், மின்னஞ்சலும் போகும், வெள்ளிக்கிழமையும் போகும். “மென்பொருள் பொய் சொல்லாதுங்க, மனுசங்கதான் மறப்பாங்க” என்றார். மென்பொருள் பொய் சொல்லாது என்பதை நானும் ஏற்றேன். ஆனால் டீச்சரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் உண்மையென்றால், பிழை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நடுவில் இருப்பது எழுத்துப் பலகை மட்டுமே. இதை நான் விளக்கியபோது அவர் சிரித்துவிட்டார். “முடியாதுன்னு என் டிப்ளோமா சொல்லுது. பெரியவரே, நீங்க எத வச்சு முடியும்னு சொல்றீங்க?”

ஒட்டி நின்ற எழுத்து

அரைக்கும் இயந்திரம் நின்றுபோனால் நாங்கள் கொழுந்தைக் குற்றம் சொல்வதில்லை. ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றுவோம். அப்படியே எழுத்தையும் கழற்றினேன். வெறும் குறிப்புப் பக்கம் ஒன்றைத் திறந்து, புதுத் தொலைபேசியின் தமிழ்ப் பலகையில் அகரத்திலிருந்து தொடங்கி ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். பிறகு அழிக்கும் விசையை மெல்லத் தட்டி, ஒவ்வொன்றும் எந்தெந்தப் பகுதிகளால் ஆனது என்று பார்த்தேன். என் பழைய கணினியிலும் அதையே செய்து ஒப்பிட்டேன். உயிர், மெய், உயிர்மெய் யாவும் ஒத்துப்போயின. நண்பகலாயிற்று. அடுத்த கடைக்காரர் எப்போதோ கீழே இறங்கிப் போயிருந்தார். டீச்சர் கொண்டுவந்த ரொட்டியை மூவரும் பகிர்ந்து தின்றோம்.

கடைசி மூலையில் ‘ஸ்ரீ’ என்று ஒரே விசை இருந்தது. தட்டினேன், ஸ்ரீ வந்தது. அழிக்கத் தொடங்கினேன். ஈகாரச் சுழி போயிற்று, ரகரம் போயிற்று, புள்ளி போயிற்று. மிஞ்சி நின்றது ‘ஸ’ அன்று. மந்திரப் புத்தகங்களில் மட்டும் நான் கண்டிருந்த ‘ஶ’. என் கணினியில் அதே ஸ்ரீயை அழித்தால் ‘ஸ’ தான் மிஞ்சியது. திரையில் இரண்டு ஸ்ரீயும் அச்சாக ஒன்றுபோலவே நிற்கும். உள்ளே ஒன்று ஸகரத்தால் ஆனது, மற்றது ஶகரத்தால் ஆனது. பழைய தொலைபேசியின் பலகை ஒன்றைத் தந்திருக்க வேண்டும், புதுப் பலகை மற்றதைத் தருகிறது. மனிதக் கண்ணால் காண முடியாத வேறுபாடு அது.

எவருடைய சொல்லையும் கேட்பதில்லை என்ற என் விதி அப்போது குறுக்கே வந்து நின்றது. ஆதலால் எழுத்தை மட்டும் கேட்டேன்: “அம்மா, உங்கள் சொல்லில் எங்காவது ஸ்ரீ வருகிறதா?” டீச்சர் கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அத நான் சொல்ல மாட்டேங்க. ஆனா நீங்க கேட்டது தப்பில்ல.”

வியாழன் மாலை

அந்த ஒற்றை விசையைத் தொடாமல், ஸ, புள்ளி, ர, ஈகாரச் சுழி என்று நான்கையும் தனித்தனியாக எழுதும்படி சொன்னேன். பூட்டிக்கொள்ள இன்னும் ஒரு முயற்சிதான் பாக்கி. அதுவும் தவறினால் பெட்டகம் மறுபடி திறக்க வாய்ப்பளிப்பது வெள்ளி மாலை. தேர்வோ வெள்ளி காலை எட்டரைக்கு. நான் சுவரைப் பார்த்து நின்றேன். கொழுந்தனாரும் கேட்காமலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விரல் தட்டும் ஓசையை எண்ணிக்கொண்டிருந்தேன். பாதியில் அது நின்று, மறுபடி தொடங்கி, நின்றுவிட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. திரும்பினேன். திறந்திருந்தது.

கடிதத்தை இரண்டு பிரதிகள் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை டீச்சர் கைப்பையில் வைத்தார். மற்றதைக் கொழுந்தனார் வாங்கி ஆட்டோவின் இருக்கைக்கு அடியில் வைத்துப் பூட்டினார். அவர்கள் போன பிறகு அடுத்த கடைக்காரர் மாடியேறி வந்து, என் மேசைக்கு எதிரே இருந்த வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த அறையில் எனக்குக் கிடைத்த பட்டமளிப்பு விழா அதுதான் என்பேன். “பெரியவரே, அந்த எழுத்த இன்னொரு தரம் அழிச்சுக் காட்டுங்க” என்றார்.

உள்ளே

சில மாதங்கள் கழித்து மகேஸ்வரி டீச்சர் வந்தார். பெரகலச் சந்திக்குக் கீழே ஒரு பாடசாலையில் நியமனம் கிடைத்துவிட்டது. முதன்மைச் சொல்லையும் மாற்றிவிட்டாராம். ஆகவே, இதை எழுத அனுமதியும் தந்தார். நியமனக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். அதை மட்டும் சுவரைப் பார்க்காமல், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தேன். நேர்முகத் தேர்வில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். அவர் அதைச் சொல்லவில்லை, வாசலைப் பற்றித்தான் சொன்னார்: “கேட்டுல கடிதம் எங்கன்னாங்க. எடுத்து நீட்டினேன். உள்ள போங்கன்னாங்க. அவ்வளவுதாங்க.”

சரியாகச் சொல்லியும் உள்ளே விடப்படாமல் நிற்கும் மனிதரை முதலில் நம்புவதே இத்தொழிலின் பாதி வித்தை எனினும், அந்தப் பாடத்துக்கு டிப்ளோமா தரும் கல்லூரியை இதுவரை எவரும் திறந்ததாகத் தெரியவில்லை.